கோட்டைக்கு வெள்ளையடித்தோம்

எனக்குச் சிறு வயதிலிருந்தே கால் ஓரிடத்தில் தரிக்காது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலைப் பார்ப்பேன். வகுப்பில் பெஞ்சின் நுனியில் தொங்கிக்கொண்டிருப்பேன். "சுடுமணல்ல வுட்ட நண்டாட்டம் இன்னாத்துக்குடி இப்டி அலையற?" என்று அம்மா கேட்பாள். கேட்கிறவள் மட்டும் என்னவாம்? விடிவதற்குள் கரைக்குப் போய் மீன் எடுத்து, கூடையைச் சுமந்துகொண்டு பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் சந்தையில் விற்றுவிட்டுத் திரும்பி, வந்த காலோடு கருவாட்டைப் புரட்டிப்போடப் போகிறவள் அவள். எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் வேலையாக இருந்தார். எப்போதாவது வருவார், வந்தால் தூங்குவார். தூங்குவதை உட்காருவதில் சேர்க்க முடியாது.

எழுபதுகளில் நாங்கள் இருந்தது சதுரங்கப்பட்டினத்துக் கடலோரக் குப்பத்தில். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை அங்கே இடிந்து நிற்கிறது. ஒல்லாந்தர் என்பதெல்லாம் பாடப் புத்தகம் சொன்னது. எங்களுக்கு அது கோட்டை, அவ்வளவுதான். அதன் வடமூலையில் சுவர் உடைந்து சரிந்து, செங்கல் குவியலாகக் கிடந்தது. குப்பத்தில் தீப்பிடித்து வரிசையாகக் குடிசைகள் எரிந்த வருஷம் எங்களுடையதும் சாம்பலாயிற்று. அதற்குப் பிறகு அம்மா அந்த மூலையில் போய் வீடு கட்டினாள். கோட்டைச் சுவர் எங்கே உடைந்து நின்றதோ அந்த முனையிலிருந்தே தன் சுவரை ஆரம்பித்தாள். கீழே கிடந்த செங்கல்லையே எடுத்து அடுக்கினாள். மேலே பனையோலைக் கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டை நீண்டு போய், கடைசியில் மனம் மாறி வீடாகிவிட்ட மாதிரி இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் தள்ளிப் போய்க் குடிசை போட்டுக்கொண்டார்கள். கோட்டையோடு ஒட்டி நின்றது எங்கள் வீடு ஒன்றுதான்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது சரித்திரப் பாடத்துக்குப் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். செங்கல்பட்டுக்காரர். தினமும் அங்கிருந்து பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் மாறி வருவார். அவருக்கும் என் வியாதிதான். நாற்காலியில் உட்கார மாட்டார். சாக்பீஸை உடைத்துக்கொண்டே வகுப்பைச் சுற்றி வருவார். வந்த முதல் வாரமே, "புத்தகத்தை மூடுங்க. உங்க ஊர்ல இருக்கறத விட்டுட்டு எங்கயோ இருக்கற பானிபட்டைப் படிச்சுகிட்டு இருக்கோம். நாளைக்கு அவங்கவங்க வீட்டுல பழசா எது இருந்தாலும் கொண்டாங்க" என்றார்.

பழசு என்றால் எங்கள் குப்பத்தில் பஞ்சமா? மறுநாள் வகுப்பு காயலான் கடையாகிவிட்டது. ஒருத்தன் துருப்பிடித்த நங்கூரம் கொண்டுவந்தான். ஒருத்தி அவள் அப்பாவின் கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து, "இதுதான் சார் எங்க வூட்லயே ரொம்பப் பழசு" என்றாள். வகுப்புத் தலைவன் எண்ணெய்க் கடைக்காரர் மகன். அவன் ஓர் இரும்புக் குண்டைத் தெருவில் உருட்டிக்கொண்டே வந்து சேர்த்தான். கடைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அவன் அப்பா அணை கொடுத்து வைத்திருந்த குண்டு அது. வாத்தியார் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "பீரங்கிக் குண்டுடா இது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எண்ணெய்க் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். "இன்னா சாரு, என் கடைக் கதவு காத்துல அடிச்சிகினே கீது. குண்டக் குடுத்தனுப்புங்க" என்றார். வாத்தியார் அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் குண்டு எப்படி அவர் கடைக்கு வந்தது என்று கேட்டார். அவர் தாத்தா காலத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டு, போகும்போது குண்டை எடுக்க மறந்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாத்தியார் ஊரை இப்படித்தான் பிடித்தார். சரித்திரம் என்று சொல்லி யாரையும் மிரட்டாமல், உட்காரவைத்துக் கதை கேட்டார். குப்பத்தில் அதுவரை எங்களிடம் யாரும் கதை கேட்டதில்லை. மீன் என்ன விலை என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் கோட்டையை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். கரையில் மீன் பங்கு வைப்பதுபோல, இந்த மூலை உனக்கு, அந்த வாசல் உனக்கு என்று. வடமூலை எனக்கு. வேறு யாருக்குப் போகும்? சீமைக் கருவேலத்தை வெட்ட வேண்டும், ஆடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் சுலபம். கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. காலையில் ஆண்கள் கோட்டைக்குள்தான் ஒதுங்குவார்கள். "பெரியவங்களப் போயி எப்டி சார் எழுப்பறது?" என்று பையன்கள் நெளிந்தார்கள். வாத்தியார் யோசித்து ஒரு வழி சொன்னார். விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னோம். உள்ளே வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, "கடலாண்ட போனா அலை வந்து அடிக்குது. இங்க வந்தா பதினாறாம் வாய்ப்பாடு அடிக்குது. மனுசன் எங்கதான்டா போவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் பதினேழாம் வாய்ப்பாட்டுக்குப் போனோம்.

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்கும் ஆசை வந்தது. மீன் விற்க எப்போதாவது மாமல்லபுரம் போய்வருவாள். அங்கே தலைமயிர் வளர்த்த வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக் கல்லைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்திருந்தாள். "கல்லப் பாக்க அவ்ளோ பேரு வரானுங்கோ. நம்ம கோட்டைக்கு இன்னா கொறச்சல்? வாத்தியாரு மட்டும் மெட்ராசுக்கு எயுதிப் போட்டா இங்கயும் பஸ்ஸு வந்துரும். நானு இப்டியே வாசல்ல ஒக்காந்து மீன் வறுத்து வித்துருவேன். கூடை தூக்கற வேலையே கெடையாது" என்றாள். அவளுடைய உச்சந்தலையில் கூடைச் சும்மாடு வைக்கும் இடத்தில் மயிர் உதிர்ந்து வட்டமாக வழுக்கை விழுந்திருந்தது. அந்த வழுக்கையைத் தடவிக்கொண்டேதான் இதைச் சொன்னாள். அவள் உட்கார்ந்து செய்கிற வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாத்தியார் மெட்ராஸில் தொல்பொருள் துறைக்கு எழுதிப் போட்டார். சில மாதம் கழித்துப் பதிலும் வந்தது. மெட்ராஸிலிருந்து அதிகாரி ஒருவர் நேரில் வருகிறார். வாத்தியார் காலைப் பிரார்த்தனையில் எங்கள் எல்லோருக்கும் அதைச் சொன்னபோது அவர் குரல் தடுமாறியது. அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. செங்கல்பட்டில் வீட்டோடு படுத்துவிட்டார். அதிகாரி வருவதற்கு ஒரு வாரம்கூட இல்லை.

வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு மட்டுமா, ஊருக்கே கொள்ளவில்லை. பெரிய மனுஷன் வருகிறார், கோட்டை இப்படிப் பாசி பிடித்துக் கறுத்துப்போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? அம்மன் கோயில் திருவிழா என்றால் என்ன செய்வோம்? அதைத்தான் செய்தோம். கிளிஞ்சல் சுடுகிற காளவாயிலிருந்து சுண்ணாம்பு வந்தது. குழி வெட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் பொங்கியது. தென்னை மட்டையின் நுனியை நசுக்கி ஆளுக்கொரு தூரிகை செய்துகொண்டோம். திருவிழாவுக்கு வாங்கி மீந்திருந்த காவியும் கிடைத்தது. வெள்ளை ஒரு பட்டை, காவி ஒரு பட்டை. ஆண்கள் கட்டுமரத்துக் கட்டையைச் சாய்த்துவைத்து ஏறி மேலே அடித்தார்கள். பெண்கள் கீழே அடித்தார்கள். நாங்கள் எல்லா இடத்திலும் அடித்தோம், ஒருவர்மேல் ஒருவரும் அடித்துக்கொண்டோம்.

ரோட்டைப் பார்த்த பக்கம் முழுவதையும் முடித்துக்கொண்டு வடமூலைக்கு வந்தபோது, அம்மா நிறுத்தவில்லை. "சுண்ணாம்பு மீந்து கீது, இத்தையும் சேத்து இயுத்து வுட்ருங்க" என்று எங்கள் வீட்டுச் சுவருக்கும் ஒரே வீச்சாக அடிக்கச் சொன்னாள். கோட்டையில் ஆரம்பித்த பட்டை வரிசை, வீட்டின் மறுகோடியில் இருந்த எங்கள் கதவு நிலையில் வந்து முடிந்தது. நான் ரோட்டுக்கு ஓடிப்போய் நின்று பார்த்தேன். கண் கூசியது. அவ்வளவு அழகான ஒன்றை எங்கள் ஊரில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன், படித்தவர்கள் என்ன சொன்னாலும் சரி.

வாத்தியார் காய்ச்சல் விட்டும் விடாமலும் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் குடை. நாங்கள் வரிசையாக நின்று கைதட்டினோம். அவர் கோட்டையைப் பார்த்தார். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனந்தத்தில் மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து ஒருத்தன் சோடா வாங்க ஓடினான்.

"யாருடா இதைச் செஞ்சது?" என்றார்.

எல்லோரும் கையைத் தூக்கினோம். பின்னால் நின்ற பெரியவர்களும் தூக்கினார்கள்.

அவர் எழுந்து ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கிச் சுவரில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். எங்கள் சுண்ணாம்பு என்ன சாமானியமா, ஒட்டிக்கொண்டுவிட்டது. "பழசு பழசா இருக்கணும். அதுதான் அதுக்கு மரியாதை. இத்தனை நாளா நான் சொல்லிக்குடுத்தது இதுதானா?" என்றார். அழுதுவிடுவார்போல இருந்தது.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சாரு பேசற நீ? வூட்டுக்கு ஆள் வராங்கன்னா வெள்ளையடிக்க மாட்டாங்களா? அம்மன் கோயில் மட்டும் புதுசா? அதுவும் பழசுதான். அதுக்கு அடிச்சா பக்தி, இதுக்கு அடிச்சா குத்தமா?"

வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

இது வரைக்கும் கூத்துதான். அன்று சாயங்காலம் தலையாரி சைக்கிளில் வந்தார். கிராமத்து ஆபீஸ் சேதியெல்லாம் ஊருக்கு வருவது அவர் வாயால்தான். எங்கள் வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

"யக்கா, நாளான்னிக்கி ஆபீசரு வர்றது பாக்கறதுக்கு இல்ல. அளக்கறதுக்கு. கோட்டையச் சுத்தி கம்பி வேலி போடறாங்களாம். கோட்டை எடத்துல கீற வூட்டையெல்லாம் எடுத்துரணும்னு ஆர்டராம்."

"எந்தெந்த வூடு?"

"எந்தெந்தன்னா? கோட்டை மேல ஒட்டிகினு கீறது உன் வூடு ஒண்ணுதானக்கா."

அவர் போய்விட்டார். அம்மா அடுப்பின்முன் உட்கார்ந்தாள். குழம்பு தீய்ந்து வாடை வந்தது. அதை இறக்கிவைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நான் வாத்தியாரைத் தேடி ஓடினேன். கடைசி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. "நான் நல்லதுக்குத்தானேம்மா எழுதினேன்" என்றார். பஸ் வந்தது. ஏறும்போது, "வேலி போடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை" என்றார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சரித்திர வாத்தியாருக்கு அதுகூடத் தோன்றாதா?

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விஷயம் பரவிவிட்டது. எல்லோரும் கோட்டைக்குள் கூடினோம். எண்ணெய்க் கடைக்காரர் மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். என்னைச் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய், "இங்க பாரு" என்று காட்டினான். வடமூலையில் கோட்டை எங்கே முடிகிறது, எங்கள் வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று எதுவுமே தெரியவில்லை. வெள்ளைப் பட்டையும் காவிப் பட்டையும் மாறி மாறி ஒரே வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருப்பதும் அதே கோட்டைச் செங்கல்தான்.

"எனக்கே தெர்ல. மெட்ராசுலேர்ந்து வர்றவருக்கு எப்டித் தெரியும்?" என்றான். "யார் கேட்டாலும் நமக்கும் தெரியாது. ஆளுக்கொரு எடத்தக் காட்டுங்க. அவ்ளோதான்."

எல்லோரும் சரி என்றார்கள். எங்கள் வகுப்பில் அதுவரை எல்லோரும் ஒரே விஷயத்துக்குச் சரி சொன்னதே கிடையாது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உளறிக்கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரைக்குப் போனேன், திரும்பி வந்தேன், சுவரைத் தொட்டுப் பார்த்தேன், மறுபடி கரைக்குப் போனேன். சுண்ணாம்பு எங்காவது உதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ஒரே பதைப்பு. உதிர்ந்த ஓரிடத்தில் விரலாலேயே பூசினேன்.

மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்தார். நான் வில்லன் மாதிரி ஓர் ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு, இறங்கியதும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கூடவே சங்கிலியோடு சர்வேயர். கோட்டையைப் பார்த்ததும் அவரும் தலையில் கை வைத்தார், ஆனால் உட்காரவில்லை. "என்ன சார் இது, கோயில் மதில் மாதிரி?" என்று வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியார் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "என் மேற்பார்வைதான் சார். தப்பு என்னுதுதான்" என்றார். அவர்மேல் இருந்த ஆத்திரம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

அளந்துகொண்டே வந்தார்கள். வடமூலைக்கு வந்ததும் சர்வேயர் நின்றுவிட்டார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் வீட்டுக் கதவுவரை நடந்தார், திரும்பி வந்தார். "சார், லைன் தெரியலை" என்றார்.

"சுரண்டிப் பாருங்க."

"கோட்டைச் சுவர்ல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அதிகாரி வாத்தியாரிடம் திரும்பினார். "நீங்கதான் இதை ஆராய்ச்சி பண்ணி எழுதினது. கோட்டை எங்கே முடியுது?"

வாத்தியாருக்குத் தெரியும். எங்களை அங்கே நிறுத்திவைத்துப் பாடம் நடத்தியவரே அவர்தான். அவர் எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மென்று முழுங்கிவிட்டு, "பிள்ளைங்கதான் சார் இதைப் பூரா பார்த்துகிட்டாங்க. அவங்களைக் கேளுங்க" என்றார்.

கேட்டார். ஒருத்தன் இங்கே என்றான். அடுத்தவன் இல்லை சார், அங்கே என்றான். ஒருத்தி சுவரின் நடுவில் ஒரு காவிப் பட்டையைக் காட்டினாள். எண்ணெய்க் கடைக்காரர் மகன் ரோட்டையே காட்டினான். அதிகாரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெயில் ஏற ஏறச் சிரிப்பு போய்விட்டது. "இந்த வீட்டுப் பொண்ணு யாரு?" என்றார். என்னை முன்னால் தள்ளினார்கள்.

"உங்க வீடு எங்கேம்மா ஆரம்பிக்குது?"

அவர் குரலில் அதட்டல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது சார்" என்றேன்.

அவர் தலையிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சர்வேயரிடம் சொன்னார். "யாருக்கும் தெரியலைன்னா ஒண்ணுதான் செய்ய முடியும். பட்டை எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் கோட்டைன்னு குறிச்சுக்கோங்க. பிற்பாடு யாராவது ஒரு செங்கல் குறையுதுன்னு என்னைக் கேட்கக் கூடாது."

பட்டை எங்கள் கதவு நிலைவரைக்கும் போயிற்று. சர்வேயரின் ஆள் சங்கிலியின் நுனியை எடுத்துக்கொண்டு போய் எங்கள் நிலைப்படியில் வைத்தான்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. என்ன கத்துவது? இப்போது தெரியும் என்றால் யார் நம்புவார்கள்? வாத்தியார் குடையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். முழு வீடும் போயிற்று. இடிக்கக்கூட மாட்டார்கள். பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், எங்களை மட்டும் வெளியே போகச் சொல்வார்கள்.

அப்போதுதான் அம்மா சந்தையிலிருந்து வந்தாள். கூடை தலையில் இருந்தது. ரோட்டிலிருந்தே சங்கிலியைப் பார்த்துவிட்டாள். ஒருத்தி ஓடிப்போய் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மா கூடையை இறக்கி, அதிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். அதிகாரி ஓர் அடி பின்னால் வைத்தார்.

"பயப்படாதீங்க ஐயா. கோட்டையச் சொரண்டுனாத்தான தப்பு? என் வூட்ட நானு சொரண்டறேன்" என்றாள்.

கதவு நிலைக்குப் பக்கத்தில் ஆரம்பித்தாள். சுண்ணாம்பைச் சீவிவிட்டு, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கத்தி முனையைக் குத்தினாள். கத்தி உள்ளே போயிற்று. சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. "இது நானு கொழைச்ச சேறு" என்றாள். ஒரு முழம் தள்ளிக் குத்தினாள். சேறு. இன்னும் ஒரு முழம். சேறு. எல்லோரும் அவள் பின்னாலேயே நகர்ந்தோம். சமையல் செய்கிற பக்கத்தைத் தாண்டி உடைந்த முனைக்கு வந்து குத்தினாள். கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி குத்தினாள். நுனி வளைந்தது, சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"இது சுண்ணாம்புக் காரை. என்னுது இல்ல" என்று அம்மா அங்கே உள்ளங்கையை வைத்தாள். "இது வரைக்கும் கோட்டை. இந்தாண்ட என் வூடு. செங்கல்லு கீய கெடந்தது, நானு எடுத்து வச்சேன். அத்தையும் எயுதிக்கோங்க."

அதிகாரி அவள் கை வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு சர்வேயரைக் கூப்பிட்டு அங்கே கோடு போடச் சொன்னார். வேலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடம் வேண்டும், அதனால் சமையல் பக்கத்தை எடுத்துவிட வேண்டும், அதில் இருக்கிற செங்கல்லைக் கோட்டைக்குள் அடுக்க வேண்டும் என்றார். மீதி வீடு இருக்கலாம் என்றார். இதைச் சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப் கிளம்பிப் போயிற்று.

அந்தச் சாயங்காலமே பிரிக்க ஆரம்பித்தோம். அம்மாவுக்குத் தள்ளிப்போடத் தெரியாது. அவள் சமையல் பக்கத்துச் சுவரிலிருந்து செங்கல்லைப் பெயர்த்துப் பெயர்த்துக் கொடுத்தாள். எங்கள் வகுப்பு வரிசையாக நின்று வாங்கிக் கோட்டைக்குள் கொண்டுபோய் அடுக்கியது. வாத்தியார் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து வரிசையில் நின்றார். அவரிடம் யாரும் பேசவில்லை. அம்மாதான், "ஜுரம் வுட்டுச்சா சாரு?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அடுப்பு வெட்டவெளிக்கு வந்துவிட்டது. கடல் காற்றில் சாம்பல் பறந்து எங்கள் எல்லோர் தலைமேலும் விழுந்தது.

வரிசையில் நான்தான் முதல் ஆள். அம்மாவின் கையிலிருந்து வாங்குகிறவள். அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த ஆபீசரு கேட்டப்போ தெரியாதுன்னியாமே. இன்னாத்துக்கு?"

"வூட்டக் காப்பாத்தத்தான்."

"நானு இத்த ராத்திரில வந்து கட்டல. பட்டப்பகல்ல கட்டுனேன். ஊரு நின்னு பாத்துது. எவன்கிட்டயும் மறைக்கல. நீ தெரியாதுன்னு சொல்லி இத்தத் திருட்டு வூடாக்கிட்ட."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நாள் முழுக்கப் பட்ட பதைப்பெல்லாம் சேர்ந்து வந்தது. "உண்மையச் சொல்லி இன்னா கெடைச்சுது? அடுப்பு போச்சில்ல?" என்று கத்தினேன். பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"போச்சு" என்றாள் அம்மா. "மீதி கீறது என்னுது. அத்த அந்த ஆபீசரே பாத்து எயுதிகினு போயிட்டாரு. இனிமே எவனாலயும் கேக்க முடியாது."

அடுத்த செங்கல்லை நீட்டினாள். வாங்கிப் பின்னால் இருந்தவனிடம் கொடுத்தேன்.